எது கடைசி டிராயிங்?

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது விடுதிச் சாப்பாடும் டிராயிங் ஹாலும்தான் முதலில் நினைவுக்கு வந்தன. சாப்பாட்டைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் செட்டிலேயே இருக்கிறார்கள். ஆகவே டிராயிங் ஹாலில் தொடங்குகிறேன். உயரமான ஸ்டூல், சாய்வுப் பலகை, மினி டிராப்டர், சீவிச் சீவிக் குட்டையாகிப்போன 2எச் பென்சில். ஆளுக்கு ஒரு ஷீட். வலது கீழ்மூலையில் கட்டம் போட்டுப் பெயர், ரோல் நம்பர், தேதி. சார் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த ஷீட்டின் ஆயுள் முடிந்தது. (கண்ணாடிக்கு அடியில் விளக்கை வைத்து அதை அடுத்த செட் பையன் காப்பி அடித்தது வேறு கதை.)

தொழிற்சாலையில் கையெழுத்து விழுந்த பிறகுதான் ஒரு டிராயிங்கின் ஆயுளே ஆரம்பிக்கிறது என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஒரு டிராயிங் இருபது, முப்பது வருஷம் வாழும். வாழும் காலமெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு ஓட்டை பெரிதாகும், ஒரு மூலை வளையும், இரும்பு எஃகாகும். அதன் பிரதிகள் வார்ப்படச் சாலை, மெஷின் ஷாப், கொள்முதல் பிரிவு, தரச்சோதனை, வெளியே செய்து கொடுப்பவர் என்று பத்து இடத்தில் இருக்கும். பத்தும் ஒன்றுதானா? இதில் எது கடைசி டிராயிங்? சென்ற நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியாளர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். இன்றைய மாணவர்கள் பி.டி.எம். என்ற மூன்றெழுத்தில் படிக்கிற மென்பொருள் இந்தக் கதையின் பிற்பகுதி.

முற்பகுதி நீல நிறத்தில் இருக்கிறது. 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி இரும்பு உப்புகள் பூசிய தாளில் வெயிலைக் கொண்டு பிரதி எடுக்கும் வழியைக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது உலகத்து டிராயிங் ஆபீஸ்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. நீலத் தளத்தில் வெள்ளைக் கோடுகள். புளூபிரிண்ட் என்ற பேர் அப்படி வந்ததுதான். அதுவரை ஒரு டிராயிங்குக்கு இன்னொரு பிரதி வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்து மறுபடி வரைய வேண்டும். ஆகவே பிரதிகள் குறைவு, குழப்பமும் குறைவு. பிரதி சுலபமானதும் குழப்பமும் சுலபமாயிற்று! பின்னால் வந்தது அமோனியா பிரிண்ட். அந்த நெடியை முகர்ந்தவர்கள் இதைப் படிக்கும்போதே மூக்கைச் சுளிப்பார்கள்.

அதற்கு மருந்தாக வந்ததுதான் ரெக்கார்டு ரூம். புதிய மாணவர்களுக்கு அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் பின்னால் வந்த மென்பொருள் செய்கிற வேலை அத்தனையும் அங்கே ஒரு மனிதர் செய்துகொண்டிருந்தார்.

மூலப்படம் டிரேசிங் தாளிலோ டிரேசிங் துணியிலோ இருக்கும். அது பூட்டிய இழுப்பறையில். வெளியே போவது பிரிண்ட் மட்டும். மூலத்தைத் திருத்த வேண்டுமானால் மாற்ற உத்தரவு ஒன்று கையெழுத்தாகி வர வேண்டும். பதிவேட்டில் எழுதித்தான் டிரேசிங்கை எடுக்க முடியும். ஒருவர் எடுத்துப் போயிருந்தால் அடுத்தவருக்கு இல்லை. திருத்திய இடத்தில் சின்ன முக்கோணம் போட்டு எழுத்தைக் குறிப்பார்கள்: ஏ, பி, சி. மூலையில் உள்ள கட்டத்தில் என்ன மாற்றம், யார் செய்தது, யார் சரிபார்த்தது, தேதி. (ஆங்கில எழுத்து வரிசையில் ஐ, ஓ, கியூ ஆகியவற்றை விட்டுவிடுவது அமெரிக்க முறை. ஐ ஒன்று போலவும் மற்ற இரண்டும் பூஜ்யம் போலவும் தெரியும் என்பதால்.) பிறகுதான் முக்கியமான வேலை. புதிய பிரிண்ட் யார் யாருக்குப் போகிறதோ அவர்களிடமிருந்து பழைய பிரிண்ட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட வேண்டும். புதியதைக் கொடுப்பது சுலபம். பழையதை வாங்குவது இருக்கிறதே, அதற்குத் தனித் திறமை வேண்டும்.

இதை நான் படித்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் பயிற்சிப் பொறியாளராக இருந்த நாட்களில் ஒருநாள் மெஷின் ஷாப்பில் கேசிங் துளை போட டிராயிங் கேட்டார்கள். ரெக்கார்டு ரூம் மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. என் மேஜை டிராயரில் ஒரு பிரிண்ட் மடித்து வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் அறுபது கேசிங்கில் துளை போட்டாகிவிட்டது. மறுநாள் காலை மூடி எதிலும் உட்காரவில்லை. ரெக்கார்டு ரூம் பெரியவர் வந்து என் பிரிண்ட்டை விரித்துப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது பி-ங்க. போன மாசமே சி ஆயிருச்சு. துளை வட்டம் அஞ்சு மில்லி பெரிசு. சி குடுக்கறப்ப பி-யக் கேட்டேனே, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தீங்களே?"

எழுதித்தான் கொடுத்திருந்தேன். தேடச் சோம்பல்பட்டு, "தொலைந்தது" என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அறுபது வார்ப்படமும் மறுபடி உலைக்குப் போயின. பெரியவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

அறுபது கேசிங் போனால் பணம்தான் போகும். 1970-இல் போக இருந்தது மூன்று உயிர். அப்பல்லோ 13 கதையைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஆக்ஸிஜன் தொட்டி ஏன் வெடித்தது என்பதன் வேர் ஒரு காகிதத் திருத்தத்தில் இருக்கிறது. தொட்டிக்குள் இருந்த ஹீட்டருக்குக் காவலாக இரண்டு வெப்பச் சுவிட்சுகள். அவை விண்கலத்தின் 28 வோல்ட்டுக்கு என்று குறிக்கப்பட்டவை. ஏவுதளத்திலோ ஹீட்டருக்கு 65 வோல்ட் கொடுப்பார்கள். ஆகவே 1965-இல் முதன்மை ஒப்பந்தக்காரரான நார்த் அமெரிக்கன் நிறுவனம் விவரக்குறிப்பைத் திருத்தித் தொட்டி செய்கிற பீச் விமானக் கம்பெனிக்கு அனுப்பியது. திருத்தம் போய்ச் சேர்ந்தது. சுவிட்ச் மட்டும் மாறவில்லை. பீச் கவனிக்கவில்லை, நார்த் அமெரிக்கன் கவனிக்கவில்லை, நாசாவும் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் 1964-லேயே அப்பல்லோ திட்டத்துக்கென்று மாற்றக் கட்டுப்பாட்டுக் கையேடு ஒன்றை நாசா வெளியிட்டிருந்தது. 1970 மார்ச்சில் ஏவுதளச் சோதனையின்போது தொட்டியைக் காலி செய்ய எட்டு மணி நேரம் ஹீட்டரை ஓடவிட்டார்கள். சூடு ஏறிச் சுவிட்ச் திறக்க முயன்றபோது 65 வோல்ட் அதன் முனைகளைப் பற்றவைத்துவிட்டது. உள்ளே இருந்த கம்பிகளின் டெஃப்ளான் உறை கருகியது. ஏப்ரல் 13 அன்று, பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போன பிறகு, தொட்டி வெடித்தது. லவல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் மூவரும் உயிரோடு திரும்பியது தனிப் புராணம்.

ஒரு தாளில் மாறியது அது தொட்ட மற்றத் தாள்களிலெல்லாம் மாறியதா என்று பார்க்க அன்றைக்கு ஆள் கண்ணைத் தவிர வேறு கருவி கிடையாது. ஒரு சுவிட்ச் எந்த எந்தப் பாகத்தில் எல்லாம் போகிறது என்று தெரிய அட்டைகளைப் புரட்ட வேண்டும். அந்நாளில் டிராயிங்கை 35 மில்லிமீட்டர் பிலிமில் சுருக்கி, துளையிட்ட கணிப்பொறி அட்டையில் ஜன்னல் வெட்டி ஒட்டி வைப்பார்கள். அட்டையை இயந்திரம் அடுக்கிக் கொடுக்கும். அறை முழுக்க இருந்த டிராயிங் ஓர் அலமாரிக்குள் அடங்கியது. ஆனால் அடுக்குவது வேறு, சரிபார்ப்பது வேறு. (ஒரு சந்தடி சாக்கில் சொல்லிவிடுகிறேன்: சாட்டர்ன் 5 ராக்கெட்டின் வரைபடங்களை நாசா தொலைத்துவிட்டது என்று சொல்வது கட்டுக்கதை. மைக்ரோபிலிமில் பத்திரமாக இருக்கின்றன.)

இனி கம்ப்யூட்டர். 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட், ஒளிப்பேனாவால் திரையில் வரையும் ஸ்கெட்ச்பேடைச் செய்து காட்டினார். லாக்ஹீட், டஸ்ஸால்ட் போன்ற விமானக் கம்பெனிகள் தமக்கென்று வரைவு மென்பொருள்கள் எழுதிக்கொண்டன. 1977-இல் டஸ்ஸால்ட் தொடங்கியதுதான் காட்டியா. 1982 டிசம்பரில் ஆட்டோகேட் விற்பனைக்கு வந்தது. மேஜைக் கணிப்பொறியில் ஓடுகிற டிராயிங் பலகை! நம் ஊர்க் கம்பெனிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. டிராப்டர்கள் மூலைக்குப் போயின.

ரெக்கார்டு ரூமும் மூலைக்குப் போயிற்று. அங்கேதான் தப்பு நடந்தது. பூட்டிய இழுப்பறையில் ஒரே ஒரு டிரேசிங் இருந்தது போய், பிளாப்பிக்குப் பிளாப்பி ஒரு 'மூலம்' பிறந்தது. பிரதிக்கும் மூலத்துக்கும் வித்தியாசமே கிடையாது. டாஸ் காலத்தில் கோப்புக்குப் பெயர் எட்டு எழுத்துதான். அந்த எட்டு எழுத்துக்குள் எங்கள் ஆட்கள் நடத்திய திருவிளையாடல் கொஞ்சமா? பைனல், பைனல்1, நியூபைன், லாஸ்ட், லாஸ்ட்2, ஓகே, ஓகேஓகே. லாஸ்ட்2-க்குப் பிறகு பைனல் வந்ததா, முன்னால் வந்ததா என்று வரைந்தவனுக்கே தெரியாது. அவனும் வேலை மாறிப் போயிருப்பான். இரண்டு பேர் ஒரே கோப்பைத் தனித்தனியே திறந்து திருத்தி, கடைசியில் சேமித்தவர் முன்னவரின் ஒருநாள் உழைப்பை அழித்துவிடுவார். டிரேசிங் ஒருவர் கையில் இருந்தால் இன்னொருவருக்குக் கிடையாது என்ற பழைய காவல் இல்லாமல் போனதன் பலன் அது.

1980-களின் கடைசியில் முப்பரிமாண வடிவமைப்பு பரவியது. 1988 வாக்கில் வந்த புரோ-என்ஜினியரும், 1995-இல் விண்டோஸில் வந்த சாலிட்வொர்க்ஸும் அதைச் சாதாரணப் பொறியாளர் கைக்குக் கொண்டுவந்தன. இவற்றில் கோப்புகள் தனித்தனியாக வாழ்வதில்லை. ஒரு பம்ப்பின் முழுக் கோப்புக்குள் பம்ப் இருக்காது. இம்பெல்லர் அங்கே இருக்கிறது, கேசிங் இங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். டிராயிங் கோப்பு அந்தப் பாகக் கோப்பைப் பார்த்து வரையும். ஒருவர் விவரம் தெரியாமல் இம்பெல்லர் கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் பம்ப்பைத் திறக்கும்போது நடுவில் ஓட்டை. அதைவிட ஆபத்து, பெயர் அப்படியே இருந்து உள்ளே அளவு மாறியிருப்பது. இம்பெல்லரைப் பத்து பம்ப்புகள் பயன்படுத்தினால் பத்தும் ஓசைப்படாமல் மாறிவிடும்.

இந்த நிலையில்தான் ரெக்கார்டு ரூம் பெரியவரை மென்பொருளாகத் திரும்பக் கூப்பிட்டார்கள். 1980-களின் நடுவிலிருந்து வளர்ந்து, 1990-களில் பி.டி.எம்., அதாவது பொருள் தகவல் மேலாண்மை, என்ற பெயரில் நிலைத்தது. வேலை என்னவோ பழசுதான். கோப்புகள் ஒரு பெட்டகத்தில், சர்வரில், இருக்கும். திருத்த வேண்டுமானால் உங்கள் பெயரில் வெளியே எடுக்க வேண்டும்; எடுத்தால் மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது. திருப்பி வைக்கும்போது யார், எப்போது, ஏன் என்பது பதிவாகும், பழைய பதிப்பும் அழியாமல் இருக்கும். அப்படித் திருப்பி வைப்பதெல்லாம் பதிப்பு, எண்ணில் ஓடும். ஒப்புதல் பெற்றுக் கடைக்குப் போவதுதான் ரிவிஷன், எழுத்தில் ஓடும். (இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவருக்கு நேர்முகத் தேர்வில் பாதி மார்க் நிச்சயம்.) வெளியிட்ட கோப்பு பூட்டப்படும், மாற்ற உத்தரவு இல்லாமல் திறக்காது. பெரியவரால் முடியாத ஒன்றையும் இது செய்தது. "இந்தப் பாகம் எங்கெங்கே போகிறது?" என்று கேட்டால் நொடியில் பட்டியல் வரும். 1965-இல் பீச் கம்பெனியில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பொத்தான் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கம்பெனிகள் பிறந்ததும் ஒன்றையொன்று விழுங்கியதும் நீண்ட வம்சாவளி, சுருக்கிவிடுகிறேன். 1992-இல் கண்ட்ரோல் டேட்டாவும் எஸ்.டி.ஆர்.சி.யும் சேர்ந்து தொடங்கிய மெட்டாஃபேஸ், கைமாறிக் கைமாறி டீம்சென்டரில் கலந்தது. அதை வைத்திருந்த நிறுவனத்தை 2007-இல் சீமென்ஸ் வாங்கியது. புரோ-என்ஜினியர்காரர்கள் 1998-இல் விண்ட்சில் கொண்டுவந்தார்கள். சாலிட்வொர்க்ஸ் 2006-இல் கொனிசியோ என்ற பெட்டகத்தை வாங்கித் தன் பெயரை வைத்தது. சிறிய பட்டறைகளுக்கும் இது எட்டியது இப்படித்தான்.

பெரிய இடத்து அனுபவம் என்றால் போயிங். 777 விமானம் முழுக்கக் காட்டியாவில் வடிவமைக்கப்பட்டது. 238 குழுக்கள், 2,200-க்கு மேற்பட்ட பணித்திரைகள், ஒருவர் குழாய் போட்ட இடத்தில் இன்னொருவர் கம்பி போட்டால் திரையிலேயே காட்டிக்கொடுக்கும் வசதி. 1994 ஜூன் 12-இல் பறந்தது. உலகமே கைதட்டியது. ஆனால் எந்த விமானத்துக்கு எந்தப் பாகம் என்று கணக்கு வைக்கிற விஷயத்தில் அந்தக் கம்பெனி இரண்டாம் உலகப்போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களின் வழிமுறையைத்தான் அதுவரை நீட்டித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டிராயிங்கிலும் அது பொருந்துகிற விமானங்களின் வரிசை எண்களைக் குறித்து வைப்பார்கள். அந்தக் குறிப்புகளைச் சுமக்க 400-க்கும் மேற்பட்ட கணிப்பொறி அமைப்புகள் முளைத்திருந்தன. 777 பறந்த அதே 1994-இல்தான் அவற்றை ஒழித்துக்கட்ட ஒரு பெரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பாகங்களின் தகவலுக்கு மெட்டாஃபேஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அது முடிய ஆண்டுகள் பல ஆயின. விமானம் வரைவதைவிட அதன் பட்டியலைச் சரியாக வைப்பது கடினம் என்று நான் சொன்னால் வடிவமைப்புத்துறை நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஐரோப்பாவில் ஏர்பஸ் வேறு விதமாக அடிபட்டது. ஏ380-இல் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் மின்கம்பி. ஜெர்மனி, ஸ்பெயின் அணிகள் காட்டியாவின் நான்காம் பதிப்பில் இருந்தன. பிரான்ஸ், பிரிட்டன் அணிகள் ஐந்தாம் பதிப்புக்குப் போயிருந்தன. ஒரே மென்பொருள், பெயரும் ஒன்று, ஆனால் ஒன்றின் கோப்பு மற்றதற்குள் முழுசாகப் போகவில்லை. ஹாம்பர்க்கில் கட்டிய கம்பிக் கற்றைகள் பிரான்சில் துலூஸ் நகருக்கு வந்து பூட்டும்போது நீளம் பற்றவில்லை. மாற்றங்கள் ஓரிடத்தில் பதிவாகி மறு இடத்துக்கு வந்து சேரவில்லை. ஆட்கள் விமானத்துக்குள் உட்கார்ந்து கையால் கம்பி இழுத்தார்கள். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போனது, ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாமதம். நான்கு ஆண்டுகளில் லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று 2006-இல் தாய்க் கம்பெனியே அறிவித்தது. தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

சரி, பெட்டகம் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, எல்லோரும் ஒரே பதிப்பில் இருக்கிறார்கள். அப்புறமுமா தப்பு வரும்? வரும். கடைசியாக ஜெனரல் மோட்டார்ஸ் கதை. மாணவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

செவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய கார்களின் சாவிச் சுவிட்ச் தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, முழங்கால் இடித்தாலோ ஓட்டத்தில் சாவி தானே திரும்பிவிடும். எஞ்சின் நின்றுபோகும், ஸ்டியரிங் கனக்கும், மோதினால் காற்றுப்பையும் விரியாது. 2006-இல் சுவிட்சுக்குள் இருக்கிற சின்ன உலக்கையையும் அதன் ஸ்பிரிங்கையும் நீளமாக்கிச் சரிசெய்தார்கள். பொறுப்புப் பொறியாளர் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை.

பழைய விதி ஒன்று உண்டு. ஒரு பாகத்தின் வடிவமோ, பொருந்தும் விதமோ, செய்யும் வேலையோ மாறினால் அதற்குப் புது எண் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காததால் கம்பெனியின் சொந்த விசாரணையாளர்களே வருஷக்கணக்கில் திணறினார்கள். 2007 வரை வந்த கார்களில் விபத்து, 2008 முதல் வந்தவற்றில் இல்லை. ஏன்? பதிவுகளைப் பார்த்தால் சுவிட்ச் ஒன்றேதான். எந்தப் பெட்டகமும் உள்ளே போட்டதைத்தானே திருப்பிக் கொடுக்கும்? கடைசியில், மகளை இழந்த ஒரு குடும்பத்தின் வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் ஒருவர் பழைய சுவிட்ச் ஒன்றையும் புதிதாக வாங்கிய ஒன்றையும் பிரித்து அளந்தார். எண் ஒன்று, உலக்கை வேறு.

2014 பிப்ரவரியில் கார்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட கணக்குப்படி இறந்தவர்கள் 124 பேர். 2015-இல் 90 கோடி டாலர் கட்டிக் குற்ற வழக்கை முடித்துக்கொண்டது கம்பெனி.

திரும்ப அழைத்ததிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2008-க்குப் பிறகு வந்த கார்களில் நல்ல சுவிட்சைத்தான் தொழிற்சாலையில் பூட்டினார்கள். அவற்றைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் பழைய சுவிட்சுகள் சுமார் 95,000 உதிரிபாகமாக டீலர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் விற்கப்பட்டிருந்தன. நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே எண். எந்தக் காரைப் பழுதுபார்க்கும்போது எது உள்ளே போனது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2014 மார்ச் 28 அன்று, 2008 முதல் 2011 வரையிலான கார்களையும் சேர்த்து, இன்னும் 9,71,000 வண்டிகளை வரவழைத்தார்கள்.